மிதுனா தோய்த்த லேஞ்சிகள்

என் தங்கச்சி மிதுனா தன் உடுப்பைத் தானே தோய்க்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா தன் சிநேகிதி றோஸி அன்ரிக்குப் போன் எடுத்து அதைச் சொன்னார். கனடாவில் இருக்கும் அப்பா வீடியோவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் "அதிசயம்தான்" என்றேன். அவள் எதற்காகத் தோய்த்தாள் என்று மூன்று கிழமை கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்றைக்குப் பயப்படத் தொடங்கினேன். இன்னும் முடியவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் கேட்டேன். "எழுது. ஆனா என்னைப் பாவமா எழுதாத. பல்லை உடைப்பன்" என்றாள். ஆகவே முதலில் அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுகிறேன்.

மிதுனாவுக்குப் பதினேழு வயது. உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறாள். என்னைவிட இரண்டு வயது குறைந்தவள், ஆனால் நான் சோதினைக்குப் படித்தபோது என் கணக்குகளுக்குப் பிழை போட்டவள் அவள்தான். கோயிலில் பூசை நடக்கும்போது ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிட்டு, தான் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நிற்பாள். அம்மாவிடம் ஏச்சு வாங்குவது நான். பாணின் நடுப்பகுதியைத் தோண்டித் தின்றுவிட்டுக் கரையை எனக்கு வைப்பாள். கரப்பானுக்குப் பயமில்லை, செருப்பைக் கழற்றி ஒரே அடி. ஒன்றே ஒன்றுக்குப் பயம். காலையில் அப்பாவின் அழைப்பு வழக்கமான நேரத்துக்கு வராவிட்டால் அவள் பல் துலக்குவதைக்கூட நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எங்கள் சொந்த இடம் சாவகச்சேரி. அப்பா சிவானந்தன் கனடாவுக்குப் போனபோது மிதுனாவுக்குப் பதினொரு வயது. அங்கே அவருக்கு வதிவிட உரிமை கிடைத்து, எங்கள் மூவருக்கும் விண்ணப்பம் போட்ட பிறகு, அலுவல் பார்க்கச் சுகம் என்று எங்களைக் கொழும்புக்கு வரச் சொன்னார். இப்போது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், நாலு மாடிக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இந்த ஒழுங்கையில் பாதிக் குடும்பம் இப்படி வந்து நிற்கிற குடும்பம்தான். யாரும் புதுக் கட்டில் வாங்குவதில்லை. சுவரில் ஆணி அடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கழித்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாது.

விசாவுக்கு முன் கடைசிப் படி மெடிக்கல். இரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். ஒருவருக்குப் பிழையென்றால் மூவருக்கும் விசா நிற்கும். எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் றோஸி அன்ரிக்கு நடந்ததைப் பார்த்தோம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் இருந்தது. அது பழைய தழும்பு, வருத்தம் நோய் ஒன்றும் இல்லை என்று காட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அந்த வருடத்துக்குள் அவருடைய கணவர் கனடாவில் ஒரு அறையில் தனியாக, மாரடைப்பால் இறந்துபோனார். இரண்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்களாம். எங்கள் அப்பாவின் நெஞ்சுக்குள்ளும் போன வருடம் அடைப்புக்கு இரண்டு ஸ்ரென்ற் வைத்தார்கள். அவரும் ஒரு அறையில் தனியாகத்தான் இருக்கிறார்.

உடுப்புத் தோய்க்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அப்பா. "இஞ்ச பன்னிரண்டு வயசுப் பிள்ளையள் தங்கட உடுப்பைத் தாங்களே தோய்க்குதுகள். நீங்கள் ரெண்டு பேரும் இப்பவே பழகுங்கோ. இஞ்ச வந்து கொம்மாவை வேலைக்காரியாக்க ஏலாது" என்று ஒருநாள் வீடியோவில் சொன்னார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. என்றாலும் வோஷிங் மெஷினில் ஒரு தாளை ஒட்டினார். செவ்வாய் எனக்கு, சனி மிதுனாவுக்கு.

நான் முதல் செவ்வாயிலேயே என் வெள்ளைச் சேட் எல்லாவற்றையும் நீலமாக்கினேன். மிதுனா ஒன்றையும் தோய்க்கவில்லை. கதிரையில் குவிப்பாள். குவியல் சரிந்தால் கட்டிலுக்குக் கீழே தள்ளுவாள். செவ்வாய்க்கிழமைகளில் நான் பார்க்காத நேரம் பார்த்துத் தன்னுடையதை என் உடுப்போடு சேர்த்து மெஷினுக்குள் போட்டுவிடுவாள்.

"எடி, இது என்ர நாள்."

"ஒரு வீட்டு உடுப்புகள்தானே அண்ணா. ஒண்டாக் குளிச்சா என்ன, சாதி குறைஞ்சு போமே?"

அப்படிப்பட்டவள், ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் வகுப்பால் வந்ததும் வராததுமாகச் சவுக்காரத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். மெஷின் வேண்டாமாம். கையால் தோய்க்கிறாளாம். அடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் பைப் ஓடும் சத்தம் கேட்கும். பிறகு வாளியோடு மொட்டைமாடிக்குப் போவாள்.

"பெரிய மனுசியாயிட்டா" என்றார் அம்மா. அவருக்குப் பெருமை. அம்மாவின் பெயர் பாலேஸ்வரி. பயந்த சுபாவம். காலி வீதியில் பஸ்ஸுக்குள் தமிழில் கதைக்கும்போதுகூடக் குரலைக் குறைத்துக்கொள்வார். அவருக்கு நல்ல செய்திகள் அதிகம் வருவதில்லை, வந்தால் இரண்டு மூன்று பேருக்காவது சொல்லுவார்.

மிதுனாவுக்கு ஜூலையில் இருந்தே இருமல் இருந்தது. ரியூஷன் வகுப்பின் ஏசி என்று நினைத்தோம். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். ஒரு போத்தல் சிரப் முடிந்தது. அதன்பிறகு அவள் எங்களுக்கு முன்னால் இருமவில்லை. ஆகவே மாறிவிட்டது என்று விட்டுவிட்டோம்.

செப்டெம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என் ஜீன்ஸை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். இரண்டாம் மாடி ஹமீமா அன்ரி பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டு நின்றார்.

"மகன், ஒங்கட தங்கச்சிக்கு மேலுக்கு சொகமில்லையா?" என்று கேட்டார்.

"ஏன் அன்ரி?"

"நேத்து வாளியத் தூக்கிட்டு வந்து படியிலயே குந்திட்டா. மூச்சு வாங்குது. மொகமெல்லாம் வெளிறிப் போய். நான் கேட்டா ஒண்ணுமில்ல ஆன்ட்டி, வெயில் எண்டு சொல்லுறா."

நான் "ஓம் அன்ரி, கேட்கிறன்" என்று சொல்லிவிட்டு என் ஜீன்ஸைத் தேடினேன். அது கடைசிக் கொடியில், எங்கள் பெட்சீற்றுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பெட்சீற்றுக்குப் பின்னால்தான் லேஞ்சிகளும் இருந்தன. ஏழு லேஞ்சி. அப்பா போகும்போது விட்டுப்போன பழைய கைக்குட்டைகள், கடும் சிவப்பும் மண்ணிறமுமாக. ஒன்று மட்டும் வெள்ளை. அதன் நடுவில் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒன்று. தேத்தண்ணிதான் என்று நினைத்து மற்றதைத் தொட்டுப் பார்த்தேன். கடும் நிறத்திலும் நடுவில் ஒரு திட்டு இன்னும் கறுத்துத் தெரிந்தது. ஏழிலும் இருந்தது.

கீழே வந்தபோது அம்மா சந்தைக்குப் போயிருந்தார். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. பேசினுக்குக் கீழே மிதுனாவின் வாளி. அதற்குள் இருந்த தண்ணீர் மெல்லிய ரோஸ் நிறம்.

அவள் அறையில் இருந்து வந்து என்னையும் வாளியையும் பார்த்தாள்.

"மிது, இது என்ன?"

"பொம்பிளைப் பிள்ளையின்ர வாளிக்குள்ள தலையை விடுறியே, வெக்கமில்லையா உனக்கு?"

"லேஞ்சியில எப்பிடியடி?"

அவள் பேசினுக்குக் கிட்டப் போனாள். பைப்பைத் திறந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, இருமினாள். பைப்பைத் திறந்துவிட்டு இருமுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. எனக்கு முன்னாலும் கை தானாகப் போய்த் திறந்துவிட்டது.

இருமி முடிந்ததும் குளியலறைப் படியிலேயே இருந்தாள். "ஒவ்வொரு நாளும் இல்லை. கொஞ்சம்தான் வரும்" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"மூண்டு கிழமை."

"இப்பவே டொக்டரிட்ட போவம். எழும்பு."

"போனா வருத்தத்தை எழுதி வைப்பினம் அண்ணா. என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியும், போனில பாத்தனான். மெடிக்கலுக்கு இன்னும் பத்தொன்பது நாள்."

"படத்தில தெரியாதோ, விசரி?"

"தெரியாமலும் இருக்கலாம். பாமசியில குளிசை வாங்கிப் போடுறன். குறைஞ்ச மாதிரித்தான் கிடக்கு." அவள் என் காற்சட்டை நுனியைப் பிடித்தாள். சின்ன வயதில் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பிடிப்பதைப் போல. "அப்பா இன்னும் ஒரு வருஷம் அங்க தனிய இருக்க ஏலாது. றோஸி அன்ரியின்ர அங்கிளை நினைச்சுப் பார். பத்தொன்பது நாள்தானே, ஆரிட்டயும் கதைக்காத. நீ சோதினையும் எழுதி பென்ஷனும் எடுத்த ஆள், சும்மாதானே இருக்கிறாய். இதையும் சும்மா இருந்து செய்."

நான் ஓம் என்றேன்.

அந்த ஓமை இப்போது பலமுறை யோசித்துப் பார்க்கிறேன். அப்பாவுக்காகத்தான் சொன்னேன் என்று எழுதினால் அது முழு உண்மை இல்லை. பள்ளிக்கூடம் முடிந்து எட்டு மாதம். போகப்போகிறவன்தானே என்று வீட்டில் எந்தக் கோர்ஸிலும் சேர்க்கவில்லை. வேலைக்குக் கேட்டால், எவ்வளவு காலம் நிற்பீர் என்று கேட்கிறார்கள். ஒழுங்கையின் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கும் அந்த விசா வேண்டும். மிதுனா சொன்ன காரணம் எனக்கு வசதியாக இருந்தது.

அன்றிலிருந்து அவளுடைய லேஞ்சிகளை நான் தோய்த்தேன். அவளால் வாளி தூக்க முடியவில்லை. முதல் நாள் சுடுதண்ணீர் ஊற்றினேன், கறை இன்னும் இறுகிவிட்டது. பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும், பிறகு சவுக்காரத்தைக் கறையில் மட்டும் தேய்க்க வேண்டும் என்று அவளே சொல்லித் தந்தாள். காலையில் அவள் தலையணை உறையும் ரீசேட்டும் பிழியலாம் போல் வேர்வையில் நனைந்து கிடக்கும். அதையும் ஊறப்போடுவேன். எடுத்ததும் முதலில் நிறத்தைப் பார்ப்பேன். வெளிறியிருந்தால் குறைகிறது என்று நினைப்பேன். கடுமையாக இருந்தால் தண்ணீர் போதாது, அதனால்தான் என்று நினைப்பேன்.

"அண்ணனும் தங்கச்சியும் இப்ப என்ன ஒற்றுமை" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா எனக்கும் கட்டைவிரலைக் காட்டினார்.

அம்மா மத்தியானத்தில் சோற்றையும் கறியையும் ஒரே சட்டியில் குழைத்து, உருட்டி உருட்டி எங்கள் இருவருடைய கையிலும் தருவார். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். அவள் கடித்த மீன்பொரியலை நான் பறிப்பதும் என் உருண்டையை அவள் பறிப்பதும் வழக்கம். ஆறாம் நாள் நான், "எனக்குத் தனிக் கோப்பையில போடுங்கோ அம்மா" என்றேன். ஏன் என்று அம்மா கேட்டார். சும்மா என்றேன். மிதுனா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. பிறகு அவள் தன் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் தனியா" என்றாள். அன்று அவள் பாதிதான் சாப்பிட்டாள். பள்ளிக்கூடச் சட்டையின் இடுப்பில் இரண்டு ஊசி குத்தியிருந்தாள்.

நானும் போனில் தேடிப் பார்த்திருந்தேன். மருந்து எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அதே கேள்வியை வேறுவிதமாக எழுதி, வேறு பதில் வருமா என்று பார்ப்பேன். வரவில்லை. அடுத்த நாளும் தோய்த்தேன்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலை, தண்ணீர் நின்றது. முன்னறிவித்தல் இல்லை. எங்கேயோ பெரிய குழாய் வெடித்துவிட்டதாம். நான் அதற்குச் சற்று முன்தான் ஐந்து லேஞ்சியையும் தலையணை உறையையும் ஊறப்போட்டிருந்தேன். பைப்பைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. மொட்டைமாடித் தண்ணீர் ராங்கியும் காலி.

எட்டரை மணியளவில் ஒழுங்கைக்குத் தண்ணீர் பவுசர் வந்தது. கட்டடம் முழுக்க வாளிச் சத்தம். நான் இரண்டு வாளியோடு கீழே ஓடினேன். வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தபோது, அம்மா குளியலறை வாசலில் நின்றார். மற்ற வாளியையும் எடுத்துக்கொண்டு வருவோம் என்று போயிருக்கிறார். அந்த வாளி அவர் கையில் இருந்தது.

மிதுனா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"உனக்கு இப்ப நாள் இல்லையே?" என்றார் அம்மா. கையை விட்டு ஒரு லேஞ்சியை எடுத்தார். விரித்தார். மூலையில் அவர் தன் கையால் தைத்த எழுத்து இருந்தது. "இது அப்பான்ர லேஞ்சியெல்லோ. லேஞ்சியில ஏன் பிள்ளை இரத்தம்?"

மிதுனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பைப்பைத் திருகினாள். திருகித் திருகிப் பார்த்தாள். தண்ணீர் வரவில்லை. அந்த இருமல் முழுவதையும் நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம். ஒரு மெலிந்த பிள்ளைக்குள் இருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவள் பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தபோது உள்ளங்கையில் புது இரத்தம் இருந்தது, லேஞ்சியில் நான் பார்த்து வந்த மண்ணிறம் இல்லை, பளீரென்ற சிவப்பு.

அம்மா கத்தவில்லை. வாளியை வைத்துவிட்டுத் தன் சேலைத் தலைப்பால் அவள் கையைத் துடைத்தார். வாயைத் துடைத்தார். அவளைக் கதிரையில் இருத்திவிட்டுத் தானும் நிலத்தில் இருந்தார். பிறகு மெதுவாகக் கதைத்தார், பஸ்ஸுக்குள் கதைப்பது போல.

"மெடிக்கலுக்கு இன்னும் பத்து நாள். பத்து நாளைக்கு மட்டும் ஆருக்கும் தெரியாம எங்கயாவது மருந்து எடுக்கலாமோ, தம்பி?"

ஒன்பது நாளாக என் மண்டைக்குள் இருந்த அதே வார்த்தைகள். அம்மாவின் வாயால் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மூன்று பேரில் ஒருவரும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போவதில்லை. மூவரும் அன்பாகத்தான் இருக்கிறோம். மூவரும் சேர்ந்து அவளைச் சாகவிடப் போகிறோம்.

நான் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"வேண்டாம் அண்ணா" என்றாள் மிதுனா. எழும்பி வந்து போனைப் பறிக்கப் பார்த்தாள். அவளிடம் பலம் இல்லை. "அப்பாக்கு நெஞ்சு. அண்ணா, டேய், வேண்டாமடா."

அங்கே இரவு. அப்பா பேக்கரியில் வேலையில் நின்றார், பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேரே சொன்னேன். மிதுனா இரத்தமாக இருமுகிறாள் என்று சொன்னேன்.

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் விழுந்துவிட்டாரோ என்று எனக்குப் பயம் வந்தது. "அப்பா? அப்பா?"

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசம். எனக்குத் தெரிஞ்சு ஒன்பது நாள்."

"ஒன்பது நாளா நீ என்னடா செய்துகொண்டிருந்தனீ?"

"தோய்ச்சுக்கொண்டிருந்தனான்."

"கொம்மாட்டக் குடு" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். "பாலேஸ், அழாத. ஓட்டோ பிடிச்சுப் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. இப்பவே வெளிக்கிடு."

"இஞ்சேருங்கோ, விசா ஃபைல்..."

"விசர்க் கதை கதைக்காத. பிள்ளை இல்லாட்டி இஞ்ச எனக்கு என்ன வேலை? ஓட்டோவில ஏறினவுடன எனக்கு மெசேஜ் போடுங்கோ." யாரோ அவரை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். அவர் "யெஸ், யெஸ், கமிங்" என்று சொல்லிக்கொண்டே போனை வைத்தார்.

மிதுனா படியிறங்கும்போது என் தோளில் கை வைக்கவில்லை, அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டாள். ஓட்டோவில் ஏறியபிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "காட்டிக் குடுத்திட்டாய்."

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கும் மிதுனாவுக்கும் சிங்களம் ஓடாது. நான்தான் கதைத்தேன். டொக்டர் ஒரு இளம் பெண். "மல்லி, தவஸ் கீயத?" என்று கேட்டார். தம்பி, எத்தனை நாள் என்று. "மாசயக் விதர" என்றேன். ஒரு மாதமளவில் என்று சொன்னதும் பக்கத்தில் நின்ற நேர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏன் வரவில்லை என்று டொக்டர் கேட்டார். வெளிநாட்டு மெடிக்கல் என்று தொடங்கினேன். மிச்சத்தை அவரே முடித்தார். இப்படிக் கதை அவர் முன்பும் கேட்டிருக்கிறார்.

நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்க மேல் மூலையில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது மாதிரி ஒரு வெள்ளை. ஒன்றும் படிக்காத எனக்கே தெரிந்தது. இதை எந்த மெடிக்கலிலும் மறைத்திருக்க முடியாது என்றார். அதாவது, நாங்கள் ஒரு மாதம் பயந்து பயந்து காப்பாற்றியது ஒன்றுமே இல்லை. இன்னும் பத்து நாள் வருத்தத்தை மட்டும் வளர்த்திருப்போம்.

சளிப் பரிசோதனையும் வந்தபிறகு, காசநோய் என்பதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "கசம், அம்மா" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினார். மாறுமாம், ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் குளிசை எடுத்தால் முழுதாக மாறுமாம் என்று அவருடைய கைக்குள்ளால் சொன்னேன். அவர் கேட்டாரோ தெரியாது.

எனக்கும் அம்மாவுக்கும் தொற்றியிருக்கிறதா என்று அறியக் கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் பார்த்தார்கள். எனக்கு வீங்கியிருந்தது, கிருமி உள்ளே போயிருக்கலாமாம். படம் எடுத்தார்கள், இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இப்போதைக்கு என்ற சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொண்டை கரகரத்தால் லேஞ்சியை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன்.

மெடிக்கல் பின்போடப்பட்டது. மிதுனா மருந்து முடித்து, திரும்பப் படம் எடுத்து, அது சரி என்று ஆனபிறகுதான். அப்பா ஒருமுறைகூட அதைப்பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் இப்போது இரவில் படுக்கமுதலும் எடுக்கிறார். தான் படுக்கப்போவதாக மெசேஜ் போடுகிறார், எழும்பியதும் எழும்பிவிட்டேன் என்று போடுகிறார். அவருக்கும் அவருடைய அறைக் கதவைப்பற்றிய பயம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மிதுனா ஆஸ்பத்திரியால் வந்து பதினொரு நாள் என்னோடு கதைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை குளியலறையில் இருந்து, "அண்ணா, ஓடி வா, நான் சாகப்போறன்" என்று கத்தினாள். விழுந்தடித்து ஓடினேன். அவள் தன் வெள்ளை ரீசேட்டைத் தூக்கிக் காட்டினாள். கக்கத்தில் செம்மஞ்சள் நிறம்.

"அது குளிசையின்ர நிறம். நேர்ஸ் சொன்னவதானே, வேர்வையும் அப்பிடித்தான் போகும் எண்டு."

"தெரியும். உன்ர மூஞ்சையைப் பாக்கத்தான் கூப்பிட்டனான்." சிரித்தாள். "என்னைப் பிழிஞ்சா இப்ப தோடம்பழச் சாறுதான் வரும்." பிறகு ரீசேட்டைப் பார்த்துக்கொண்டே, "இது போகாது போல. உப்புக்கும் போகேல்லை" என்றாள். காட்டிக்கொடுத்தது பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

குளிசை எடுக்க அவள் ஒவ்வொரு காலையும் கிளினிக்குக்கு நடக்க வேண்டும். நேர்ஸுக்கு முன்னால் விழுங்க வேண்டும். நானும் போவேன். ஒருநாள் மழையில் பிந்திவிட்டோம், மூடியிருப்பார்களோ என்று இருவரும் ஓடினோம். அவள் ஓடினாள். நடுவில் நின்று மூச்சு வாங்கவில்லை என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது பிழையாகிவிடும் என்று ஒரு பயம்.

நேற்றோடு இரண்டு மாதம். கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் நாள். அம்மாவும் வந்தார். நேர்ஸ் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் குப்பியைக் கொடுத்து, வெளியே மரத்துக்குக் கீழே போய், இருமி, சளியை எடுத்து வரச் சொன்னார்.

மிதுனா போய் நின்றாள். நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம். இருமினாள். ஒன்றும் வரவில்லை. முழு மூச்சையும் இழுத்து விட்டுத் திரும்ப இருமினாள். வறட்டுச் சத்தம்தான்.

"வருதில்லை அண்ணா" என்றாள். அவள் முகம் மாறிவிட்டது. "ஒளிக்கிறன் எண்டு நினைப்பினமோ?"

"இன்னொருக்கா இருமு."

"எத்தினை தரம் இருமுறது? நீ இருமிப் பாரன்."

அம்மா அவள் முதுகைத் தட்டினார். கால் மணித்தியாலம் அந்த மரத்துக்குக் கீழே நின்று மூவரும் அவளை இருமச் சொல்லிக்கொண்டிருந்தோம். போகிறவர்கள் எல்லாம் விலகிப் போனார்கள். கடைசியில் குப்பியின் அடியில் கொஞ்சம் வந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார். சிவப்பு இல்லை. ஆனால் கிருமி கண்ணுக்குத் தெரியாது என்று இப்போது எங்கள் மூவருக்கும் தெரியும்.

உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "மிஸ், பொட்டாய்... எதி த?" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள். கொஞ்சம்தான், போதுமா என்று.

நேர்ஸ் குப்பியைச் சரித்துப் பார்த்தார். வராமல் இருப்பது நல்லதுதான் தங்கச்சி, என்றாலும் முடிவு வரட்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அதில் பெயரை எழுதி மற்றக் குப்பிகளுக்கு நடுவில் வைத்தார். வருகிற வியாழக்கிழமை வரச் சொன்னார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"வியாழன் எத்தினை மணிக்கெண்டு கேள், தம்பி" என்றார் அம்மா.

எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று நேர்ஸ் சொன்னார். நாங்கள் ஏழு மணிக்கே வந்து நிற்பது என்று முடிவு செய்தோம்.